வாங்கிய கை

திருநெல்வேலிச் சீமையில் பிரயாணம் செய்கிறவர்கள் ஊர்ப் பெயர்களைச் சற்றுக் கவனித்துப் பார்க்க வேண்டும். கோபுரத்தாலும் குளத்தாலும் பெயர் பெற்ற ஊர்கள் ஒரு புறம் இருக்க, சாயர்புரம், டோனாவூர், நாசரேத்து, மெஞ்ஞானபுரம் என்று வேறு ஒரு வரிசை கண்ணில் படும். சாயர்புரம் என்பது சாயர் என்ற வணிகர் வாங்கிக் கொடுத்த நிலத்தில் எழுந்த ஊர். டோனாவூரோ, பிரஷ்யா தேசத்தில் இருந்துகொண்டே பணம் அனுப்பிய டோனா என்ற பிரபுவின் பெயரைச் சுமந்து நிற்கிறது. அந்தப் பிரபு பனைமரத்தைக் கண்ணால் கண்டவர் அல்லர். ஆனாலும், களக்காட்டு மலையடிவாரத்தில் அவர் பெயரால் ஓர் ஊர் இருநூறு ஆண்டுகளாக அழைக்கப்பட்டு வருகிறது.

ஊருக்குப் பெயர் வைக்கும்போதே கொடுத்தவரின் பெயரைச் சேர்த்து வைத்துவிட்டார்கள். நன்றி மறவாத குணம் என்று இதைப் பாராட்டலாம். ஆனால் கதை எழுதுகிறவனுக்கு வேறு ஒன்றும் தோன்றுகிறது. தலைமுறை தலைமுறையாக, முகவரி எழுதும்போதெல்லாம் பிறர் கொடுத்ததை நினைத்துக்கொண்டே வாழ்கிற ஒரு சமூகத்தின் மனம் எப்படி இருந்திருக்கும்? அந்த மனம் ஒரு நாள், "நாமும் கொடுக்க வேண்டும்" என்று துணிந்தால் அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்? இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது அந்தத் துணிவின் கதைதான்.

திருநெல்வேலித் திருச்சபையின் சரித்திரம் ஒரு பெண்ணிடமிருந்து தொடங்குகிறது. தஞ்சாவூர்ப் பக்கத்து மராத்தியப் பிராமணக் குடும்பத்தைச் சேர்ந்த இளம் விதவை அவள். லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியின் பாதுகாப்பில் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தாள். அவன் இறந்தபின், 1778-ஆம் ஆண்டில் ஷ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் ஞானஸ்நானம் பெற்றுக் கிளாரிந்தா ஆனாள். அவளுடைய முயற்சியால் 1785-ல் எழுந்த சிறு ஆலயம் இன்றும் பாளையங்கோட்டையில் இருக்கிறது. ஊரார் அதற்கு வைத்த பெயர் பாப்பாத்தி அம்மாள் கோயில். நம் நாவலாசிரியர் அ. மாதவையா இந்தப் பெண்மணியின் கதையைக் 'கிளாரிந்தா' என்று ஆங்கிலத்தில் ஒரு நாவலாகவே எழுதி 1915-ல் வெளியிட்டார்.

கிளாரிந்தாவின் சிறு சபை கோட்டைக்குள் இருந்த சபை. அது கிராமங்களுக்குப் பரவியபோதுதான் தொல்லை தொடங்கியது. பனையேறிப் பிழைத்த எளிய மக்கள், பெரும்பாலும் நாடார் சமூகத்தார், புதிய மார்க்கத்தில் சேர்ந்தார்கள். நிலத்துக்கு உடையவர்களுக்கும் ஊர்ப் பெரியதனக்காரர்களுக்கும் இது பிடிக்கவில்லை. ஜெப வீடுகள் இடிக்கப்பட்டன. குடியிருந்த குடிசைகளிலிருந்து மக்கள் விரட்டப்பட்டார்கள். அப்போது சுந்தரானந்தம் டேவிட் என்ற உபதேசியாரும் மற்றவர்களும் ஒரு யோசனை செய்தார்கள். துரத்தப்பட்டவர்களை எல்லாம் ஒரே இடத்தில் குடியேற்றி விடுவது என்பதே அது. அப்படி 1799-ல் உண்டானதுதான் முதலூர். முதல் ஊர் என்பதாலேயே முதலூர்.

பின்னால் 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் இந்த முறையை ஒரு திட்டமாகவே ஆக்கினார். திருநெல்வேலியில் வெள்ளைக்காரப் பாதிரிமார்களையும் 'ஐயர்' என்றே அழைப்பது வழக்கம். அவர் காலத்தில் 1830-ல் தர்ம சங்கம் என்று ஒரு சங்கம் ஏற்பட்டது. துன்பப்படும் கிறிஸ்தவர்களுக்கு நிலமும் மனையும் வாங்கிக் கொடுப்பது அதன் வேலை. ஊர்கள் பெருகின. நடுவில் ஆலயம், அதைச் சுற்றி நேர்நேரான தெருக்கள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு கிணறு, சற்றுத் தள்ளி மிஷன் பங்களா. தேரிக்காட்டின் செம்மணல் காற்றில் பறக்கிற அந்தப் பிரதேசத்தில், இந்த ஊர்கள் நிழல் தரும் இடங்களாக இருந்தன.

அடைக்கலம் என்பது பெரிய விஷயம். அதைக் குறைத்துப் பேச எனக்கு உத்தேசம் இல்லை. அடிபட்டவனுக்கு முதலில் வேண்டியது சுவர்தான். ஆனால் சுவருக்கு ஒரு குணம் உண்டு. வெளியே இருக்கும் பகைவனை உள்ளே விடாமல் தடுக்கிற சுவர், உள்ளே இருப்பவனின் பார்வையையும் வெளியே போகவிடாமல் தடுத்துவிடும். நூறு ஆண்டுகள் கழிந்தன. முதலூரில் அடைக்கலம் புகுந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூட வாத்தியார்களாகவும், உபதேசியார்களாகவும், குருமார்களாகவும் ஆனார்கள். 1877-78 பஞ்ச காலத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் சபைகளில் வந்து சேர்ந்தார்கள். 1896-ல் திருநெல்வேலி ஒரு தனித் திருமண்டலமாகி, மார்லி என்ற ஆங்கிலேயர் அதன் முதல் அத்தியட்சராக வந்தார். இவ்வளவு வளர்ந்த பிறகும் ஒரு விஷயம் மாறவில்லை. பெரிய தீர்மானங்களைச் செய்கிறவர்கள் பங்களாவில் இருந்தார்கள்; மிஷனரி என்றால் கப்பலில் வருகிறவர் என்றே சபையார் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த நினைப்பை உலுக்கியவர் வெள்ளாளன்விளையில் பிறந்த ஒரு பையன்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17-ஆம் தேதி பிறந்தார். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்கு அருகில் இருக்கிறது அந்த ஊர். தகப்பனார் தாமஸ் வேதநாயகம் கிராமத்துக் குருவானவர். தாயார் எலன் அம்மாள் நெடுங்காலம் காத்திருந்து பெற்ற பிள்ளை. அதனால்தான் வேதாகமத்து அன்னாளைப் போல் சாமுவேல் என்று பெயரிட்டார்கள். மெஞ்ஞானபுரத்துப் பள்ளி விடுதியிலும், திருநெல்வேலியிலும், பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டார். 1895-ல் ஒய்.எம்.சி.ஏ. என்ற வாலிபர் சங்கத்தில் காரியதரிசி உத்தியோகம் ஏற்றார். மூன்றாண்டுகளுக்குப் பின் அன்பு மரியம்மாளை மணந்தார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரிப் படிப்பு வரை எட்டிய முதல் சிலரில் அந்த அம்மையாரும் ஒருவர்.

வாலிபர் சங்கத்துக் காரியதரிசிக்கு ஊர் ஊராகப் போய்க் கூட்டம் நடத்துவதுதான் வேலை. அப்படி 1902-ல் யாழ்ப்பாணத்துக்குப் போனார். அங்கேதான் அந்த வாலிபருடைய மனத்தில் ஒரு முள் தைத்தது.

யாழ்ப்பாணத்துக்கு அமெரிக்க மிஷனரிகள் வந்தது 1816-ல். திருநெல்வேலியில் அதற்கு முன்பே சபைகள் இருந்தன. அப்படியிருக்க, யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்களுக்குள்ளே பணம் சேர்த்து, தங்களில் ஒருவரையே ஊழியராக்கிக் கடலுக்கு இக்கரையில், தமிழகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அசரியா இதைக் கேள்விப்பட்டார். நம் ஊருக்கே அடுத்த வீட்டார் ஊழியம் செய்ய வந்திருக்கிறார்கள். மூத்தவர்களாகிய நாம் இதுவரை யாருக்கு என்ன செய்தோம் என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது.

இந்த இடத்தில் நான் எப்போதும் சற்று நின்று யோசிப்பேன். லண்டனிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்து, "நீங்களும் மிஷனரிகளை அனுப்ப வேண்டும்" என்று நூறு பிரசங்கம் செய்திருந்தாலும் அது உறைத்திருக்காது. பெரிய வீட்டுக்காரன் தானம் செய்தால் நாம் வெட்கப்படுவதில்லை. அவனுக்கு இருக்கிறது, செய்கிறான் என்று போய்விடுவோம். நம்மைப் போலவே கூழ் குடிக்கிற பக்கத்து வீட்டுக்காரன் செய்தால்தான் நெஞ்சில் சுருக்கென்கிறது.

ஊருக்குத் திரும்பிய அசரியா சும்மா இருக்கவில்லை. 1903-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் தேதி, பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் ஸ்தாபிக்கப்பட்டது. அவரே காரியதரிசி. சங்கத்தின் கொள்கையை மூன்று சொற்றொடர்களில் அடக்கிவிடலாம்: இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம். எளிமையான வாசகமாகத் தோன்றும். ஆனால் அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய பேச்சு என்பதை நினைத்துப் பாருங்கள். காங்கிரஸ் மகாநாடுகளில் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்த நாட்கள் அவை. வங்காளப் பிரிவினையும் சுதேசிக் கிளர்ச்சியும் 1905-ல்தான் வந்தன. வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியது 1906-ல். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாக, அதே திருநெல்வேலிச் சீமையில், பனையேறிகளின் பிள்ளைகள் சுதேசி ஸ்தாபனம் ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். நம்முடைய சரித்திரப் புத்தகங்கள் இதைச் சுதேசி இயக்கத்தின் அத்தியாயத்தில் சேர்ப்பதில்லை. சேர்க்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

சங்கம் வைத்தாயிற்று. பணம் எங்கே? பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சி வயிறு வளர்க்கிற ஜனங்கள் எதைக் கொடுப்பார்கள்?

இதற்கு விடை அடுப்படியில் இருந்தது. திருநெல்வேலிச் சபைகளில் கைப்பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது, அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். கலயம் நிறைந்ததும் ஆலயத்துக்கு எடுத்துக்கொண்டு போவார்கள். அறுப்பின் பண்டிகையிலோ, அரிசி மட்டுமல்ல, கருப்பட்டிச் சிப்பம், கோழி, முட்டை, முருங்கைக்காய் எல்லாம் காணிக்கையாக வந்து குவியும். ஆராதனை முடிந்தபின் ஆலய வாசலில் ஏலம் போகும். உள்ளூரில் வழங்கிவந்த இந்த முறையே தூர தேசத்து ஊழியத்துக்கும் ஆதாரமாயிற்று.

ஒரு பிடி அரிசி குறைந்தால் ஒரு குடும்பம் பட்டினி கிடந்துவிடாது. ஆனால் யாருடைய பங்கு அது? வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவளுடைய பங்கு. அந்தக் கைப்பிடியை எடுத்து வைத்தவளுக்கு அது நன்றாகத் தெரியும். சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் அவள் பெயர் இருக்காது. ஊர்களுக்குப் பிரபுக்களின் பெயர் கிடைத்தது. அவள் பெயரால் ஒரு தெருகூடக் கிடையாது. இருந்தாலும், ஒரு சபை வாங்குகிற சபையாக இருந்த நிலை மாறிக் கொடுக்கிற சபையாக ஆனது அந்தக் கலயத்தில்தான்.

இனி எங்கே போவது? வேறு எந்தச் சங்கமும் வேலை செய்யாத இடமாகத் தேடினார்கள். ஹைதராபாத் நிஜாம் சமஸ்தானத்தில், கம்மம், வாரங்கல் பக்கம் தோர்ணக்கல் என்ற இடம் அகப்பட்டது. சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கிளைப் பாதை பிரிகிற ஒரு ரயில் சந்திப்பு. இன்று தெலங்கானாவில் மகபூபாபாத் மாவட்டத்தில் இருக்கிறது. பாளையங்கோட்டைக்கும் அதற்கும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். மொழி தெலுங்கு. ஆளுகிறவர் நிஜாம். காடும் மலேரியாவும் நிறைந்த பிரதேசம். 1904-ல் சாமுவேல் பாக்கியநாதன் முதல் மிஷனரியாக அங்கே போய்ச் சேர்ந்தார்.

சபையில் எல்லாரும் ஒரே மனதாக ஆமென் சொல்லியிருப்பார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். உலகத்தில் எந்தக் கமிட்டியிலும் அப்படி நடப்பதில்லை. நம் ஊரிலேயே பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை, உபதேசியாருக்குச் சம்பளம் போதவில்லை, அடுத்த தெருவில் இருக்கிறவனுக்கே இன்னும் சொல்லி முடியவில்லை. தெலுங்கனிடம் போவானேன் என்ற கேள்விகள் எழுவது இயற்கை. இவை சோம்பேறிகளின் கேள்விகள் அல்ல, பொறுப்புள்ளவர்களின் கேள்விகள். ஆனால் ஒன்று: தன் வீட்டுக் கூரையை முழுவதும் வேய்ந்து முடித்த பிறகுதான் பிறனுக்கு ஓலை கொடுப்பேன் என்கிறவன் ஒரு நாளும் கொடுக்கப் போவதில்லை. கூரை எப்போதும் எங்காவது ஒழுகிக்கொண்டுதான் இருக்கும்.

1905-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று, வங்காளத்தில் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் என்ற அகில இந்திய ஸ்தாபனம் உருவாயிற்று. அசரியாவும், கே. டி. பாலும் அதில் முன்னின்றார்கள். திருநெல்வேலியில் மூட்டிய விளக்கு இரண்டே ஆண்டில் தேசம் முழுவதற்கும் போய்விட்டது. அசரியாவுக்குப் பெயரும் வந்தது. மேடை மேடையாகப் பேசினார். வாலிபர்களைப் "போங்கள், போங்கள்" என்று தூண்டினார்.

பிறரைப் போகச் சொல்லிவிட்டுத் தான் பட்டணத்தில் உட்கார்ந்திருக்கலாமா? இந்தக் கேள்வி தலைவர்களாக இருக்கும் எவரையும் ஒரு நாள் எதிர்ப்பட்டே தீரும். பலர் அதற்கு ஒரு நல்ல சமாதானம் கண்டுபிடித்து வைத்திருப்பார்கள். அசரியா கண்டுபிடிக்கவில்லை. 1909-ல் காரியதரிசி உத்தியோகத்தை விட்டார், குருப்பட்டம் பெற்றார், குடும்பத்தோடு தோர்ணக்கல்லுக்குப் புறப்பட்டுவிட்டார். வயது முப்பத்தைந்து. இனித் தெலுங்கு படிக்க வேண்டும். அரிச்சுவடியிலிருந்து.

அடுத்த ஆண்டு, 1910-ல், ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்தில் உலக மிஷனரி மகாநாடு கூடியது. சுமார் 1200 பிரதிநிதிகள். ஆசியாவிலிருந்து வந்தவர்கள் ஏறக்குறைய இருபது பேர். ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளுக்கு என்ன செய்யலாம் என்று ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும் கூடிப் பேசிய மகாநாடு அது. அங்கே அசரியாவைப் பேசச் சொன்னார்கள். வெளிநாட்டு ஊழியர்களும் உள்நாட்டு ஊழியர்களும் எப்படி ஒத்துழைப்பது என்பது விஷயம்.

அழைக்கப்பட்ட விருந்தாளி நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். அதுதான் மரியாதை என்று எல்லாரும் சொல்வார்கள். அசரியா நன்றியும் சொன்னார். அதற்கு மேல் உண்மையையும் சொன்னார். மிஷனரிகளின் தியாகத்தைப் பாராட்டினார். பிறகு, இந்தியாவில் அவர்களுக்கும் தங்களுக்கும் நடுவே இருக்கிற உறவு நட்பு அல்ல என்றார். சம்பளம் கொடுப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் உள்ள உறவாகவே அது இருக்கிறது. ஒரே வேலையைச் செய்தும் ஒருவர் வீட்டில் ஒருவர் உட்கார்ந்து உணவருந்துவதுகூட அரிதாக இருக்கிறது என்றார். நீங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள். எங்களுக்கு வேண்டியது அன்பு, நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டு முடித்தார். சபையில் சிலருக்கு முகம் சிவந்தது. பலருக்கு அந்த வார்த்தை வெகுநாள் மறக்கவில்லை. அந்த மகாநாட்டுப் பிரசங்கங்களில் இன்றுவரை மக்கள் நினைவில் வைத்திருப்பது அந்த ஒன்றைத்தான் என்று சொல்லலாம்.

அதை வெறும் புகார் என்று எடுத்துக்கொள்வது தவறு. கையேந்துகிறவன் அப்படிப் பேச முடியாது. பேசினால் நன்றி கெட்டவன் என்பார்கள். தன் ஊர்ப் பெண்களின் கைப்பிடி அரிசியில் ஓர் ஊழியத்தை ஏழு ஆண்டுகள் நடத்திவிட்டு வந்தவர் பேசினார். கொடுத்துப் பார்த்தவனுக்குத்தான், வாங்குகிறவன் மனத்தில் என்ன குறை என்று சொல்லும் உரிமை உண்டு. கொடுக்கிறவனிடம் என்ன குறை என்றும் தெரியும்.

1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் தேதி கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அசரியா அத்தியட்சராக அபிஷேகம் செய்யப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் முதல் இந்திய அத்தியட்சர் அவர்தான். அதற்கு முன் நடந்த விவாதங்கள் கொஞ்சமல்ல. சென்னை அத்தியட்சர் ஒயிட்ஹெட் அவருக்காக நின்றார். ஓர் இந்தியனுக்கு வெள்ளைக்காரக் குருமார் கீழ்ப்படிவார்களா என்று சிலர் தலையை ஆட்டினார்கள். 1945 வரை, ஒரு திருமண்டலத்துக்குத் தலைமை வகித்த இந்திய ஆங்கிலிக்கன் அத்தியட்சர் அவர் ஒருவரே என்பதிலிருந்து, அந்தத் தலையாட்டல் எவ்வளவு காலம் நீடித்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

அபிஷேகமும் ஆரவாரமும் முடிந்தபின் வந்ததுதான் உண்மையான சோதனை என்பது என் எண்ணம். தோர்ணக்கல்லில் சபைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா என்று ஒதுக்கப்பட்ட மக்கள். ஊருக்கு வெளியே குடிசை. கிணற்றில் தண்ணீர் எடுக்க உரிமை இல்லை. அவர்கள் நடுவில் திருநெல்வேலித் தமிழர்கள் இப்போது யார்? படித்தவர்கள், பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள், சம்பளம் கொடுக்கிறவர்கள். அதாவது, பங்களாவில் இருப்பவர்கள்! எடின்பரோவில் எந்த உறவைப் பற்றி அசரியா குறைப்பட்டாரோ, அதே உறவில் இப்போது மேல் படியில் நின்றது அவருடைய சொந்த ஜனம்தான். பனையேறியின் பேரன் தெலுங்கு தேசத்தில் துரையாகிவிடுவது வெகு சுலபம். ஜாதி என்கிற பழைய பாம்பும் கூடவே ரயிலேறி வரும். தமிழ்நாட்டுச் சபைகளில் ஜாதி வேற்றுமை கூடாது என்று கல்கத்தா அத்தியட்சர் வில்சன் 1833-லேயே உத்தரவிட்டிருந்தும், அது அவ்வளவு எளிதில் போய்விடவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

இதற்கு அசரியா கண்ட வழி மிக எளியது. வாங்குகிறவனை வாங்குகிறவனாகவே இருக்க விடக்கூடாது. புதிதாகச் சபையில் சேர்ந்தவர்களைத் தங்கள் கையையே தங்கள் தலைமேல் வைத்துக்கொள்ளச் சொல்வார். தான் பெற்ற செய்தியைப் பிறருக்குச் சொல்லாமல் இருந்தால் தனக்குக் கேடு என்ற பொருள்பட உறுதி கூறச் செய்வார். நேற்று வந்தவனே இன்று கொடுக்கிறவன். மாலாவும் மாதிகாவும் ஒருவர் மற்றவர் கையால் உண்ணாத காலம் அது. இருவரையும் ஒரே பந்தியில் அமர்த்தப் பாடுபட்டார். படிக்காதவர்களுக்குத் தெலுங்குப் பாட்டும் கூத்தும் ஆராதனையாயின. தெலுங்கர்களே குருமார்களாகவும் கிராமத்து வாத்தியார்களாகவும் வந்தார்கள். காணிக்கை கொடுப்பது பற்றித் தனியே ஒரு புத்தகமே எழுதினார் அவர். ஏழையிடம் காணிக்கை கேட்பது கொடுமை என்று நினைக்கிறவர்களுக்கு அது வியப்பாக இருக்கும். ஏழையிடம் கேட்காமலே இருப்பதுதான் அவனை அவமதிப்பது என்று வெள்ளாளன்விளைக்காரருக்குத் தெரிந்திருந்தது.

1930-களின் நடுவில் தோர்ணக்கல் திருமண்டலத்தில் கிறிஸ்தவர்கள் 2 லட்சத்துக்கு மேல். அங்கே கட்டிய பேராலயம் 1939-ல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதன் கட்டடத்தைப் பார்த்தால் லண்டன் நினைவு வராது. மசூதிகளைப் போன்ற கும்மட்டங்களும் ஸ்தூபிகளும், தென்னாட்டுக் கோயில்களைப் போன்ற தூண்களும் சேர்ந்திருக்கின்றன. வானளாவிய கூர்ங்கோபுரத்தோடு கூடிய மெஞ்ஞானபுரத்து ஆலயத்தைப் பார்த்து வளர்ந்தவர் இதைக் கட்டினார் என்பதைக் கவனிக்க வேண்டும். பெற்றதை அப்படியே கொண்டுபோய் வைக்கவில்லை. போன இடத்து மண்ணுக்கு ஏற்ப யோசித்திருக்கிறார்.

வாசகர்களில் சிலர் இந்த இடத்தில் புருவத்தை உயர்த்தலாம். "இதெல்லாம் மதமாற்றம்தானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காந்தியடிகளே இந்தப் பெருந்திரள் மதமாற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஒடுக்கப்பட்டவர்களின் அறியாமையையும் வறுமையையும் பயன்படுத்திக்கொள்வதாக அவருக்குக் கருத்து. அசரியாவோ, அந்த மக்களுக்கும் சொந்தமாக யோசித்துத் தெரிந்தெடுக்கும் உரிமையும் அறிவும் உண்டு என்று நினைத்தவர். இரண்டு பேரும் தேசத்தை நேசித்தவர்கள். 1932-ல் பிரிட்டிஷ் சர்க்கார் வகுப்புத் தீர்ப்பில் கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி கொடுத்தபோது, அது வேண்டாம் என்று சொன்னவர்களில் அசரியா முக்கியமானவர். தன் சமூகத்தைச் சுற்றி மறுபடியும் ஒரு சுவர் எழுவதை அவர் விரும்பவில்லை. முதலூர்க் காலத்துச் சுவருக்கு ஒரு தேவை இருந்தது; இந்தச் சுவருக்கு அது இல்லை. லாபம் வருவது தெரிந்தும் வேண்டாம் என்பதும் துணிவில் ஒரு வகைதான். இருவருடைய விவாதத்தில் யார் கட்சி சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் இங்கே வரவில்லை. தீண்டாமைக் கொடுமையில் கிடந்தவனுக்கு யார் சோறு போட்டார்கள் என்பதோடு, அவனை யார் சரிசமமாக உட்கார வைத்தார்கள் என்றும் கேட்க வேண்டும் என்பது மட்டும் என் கட்சி.

இன்னொரு சுவரும் இருந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரஸ்பிட்டேரியன் என்று மேல்நாட்டில் எப்போதோ நடந்த சண்டைகளின் பெயரால் நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் பிரிந்து கிடந்தார்கள். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். அநேகமாக எல்லாரும் இந்தியர்கள். இந்தப் பிரிவினைகள் நாம் உண்டாக்கியவை அல்ல, இவற்றை வைத்துக்கொண்டு தேசத்துக்கு முன் நிற்பது கூடாது என்று அறிக்கை விட்டார்கள். அதை முன்னின்று நடத்தியவர்களில் அசரியா ஒருவர். பேச்சு வார்த்தை இருபத்தெட்டு ஆண்டுகள் நடந்தது. 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் தேதி, சுதந்தரம் வந்து ஆறு வாரங்கள் கடந்ததும், சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. அத்தியட்சர்கள் உள்ள சபைகளும் அத்தியட்சர்கள் இல்லாத சபைகளும் இப்படி ஒன்றானது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியே தோர்ணக்கல்லில் காலமாகிவிட்டார்.

பெரிய மனிதரின் வாழ்க்கையைச் சொல்லி முடித்தால் கட்டுரை முடிந்துவிடும் என்பது சுலபமான வழி. ஆனால் துணிந்தவர் அவர் மட்டுமா? ஒரு மனிதன் துணிவது அபூர்வம் அல்ல. ஒரு சபை துணிவதுதான் அபூர்வம். சபைக்குச் சொத்து இருக்கிறது, கணக்கு இருக்கிறது, பழைய வழக்கம் இருக்கிறது, "நமக்கு எதற்கு?" என்று கேட்கிற நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள். அத்தனையையும் மீறிப் பாளையங்கோட்டையில் 1903-ல் ஒரு சபை தன் வேலை என்ன என்று புதிதாகக் கேட்டுக்கொண்டது. நாம் காக்கப்பட வேண்டியவர்கள் என்ற நினைப்பை விட்டு, நாம் அனுப்பப்பட வேண்டியவர்கள் என்ற நினைப்புக்கு வந்தது. சாமுவேல் பாக்கியநாதன் ரயிலேறினார். அவருக்குப் பின்னால், ஊர் தெரியாத, மொழி தெரியாத இடத்துக்குப் பலர் போனார்கள். அவர்களுக்குச் சோறு போட்ட கலயங்கள் வெள்ளாளன்விளையிலும், மெஞ்ஞானபுரத்திலும், முதலூரிலும் அடுப்போரத்தில் இருந்தன.

அன்று தொடங்கிய சங்கம் நூறு ஆண்டுகளைக் கடந்து இன்றும் வேலை செய்துகொண்டிருக்கிறது. தோர்ணக்கல் தென்னிந்தியத் திருச்சபையின் ஒரு திருமண்டலமாக, தெலுங்கர்களின் கையிலேயே இருக்கிறது. ரயிலில் விஜயவாடாவிலிருந்து வாரங்கல் பக்கம் போகிறவர்கள் அந்தச் சந்திப்பைக் கடந்துதான் போக வேண்டும். அசரியாவின் சமாதி அந்த மண்ணில் இருக்கிறது. தேரி மணலில் பிறந்தவர் அங்கே போய் உறங்குகிறார். அந்த ஊருக்கு யாரும் அவர் பெயரை வைக்கவில்லை. அதன் பழைய பெயர் அப்படியே இருக்கிறது.